ஜெர்மனியில் மளிகை வாங்குவது: கல்லாவில் ரத்தக்கொதிப்பு ஏறாமல் வெளியே வர ஒரு முழுமையான வழிகாட்டி

வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு தயிர் டப்பா வாங்கினேன். அதில் போட்டிருந்த தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. வீட்டுக்கு வந்து மூடியைப் பிரித்தால், ஓரத்தில் ரோமம் முளைத்த மாதிரி பச்சையாகப் பூஞ்சை. மறுநாள் டப்பாவையும் பில்லையும் எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன ஒரே வாக்கியத்தைக் கல்லாவில் சொன்னேன்: "இஷ் மோஷ்டெ தாஸ் உம்டவுஷன்" ('இதை மாற்றிக்கொள்ள வேண்டும்'). அங்கே உட்கார்ந்திருந்த அம்மா டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சாப்பாட்டுப் பொருளுக்கு உம்டவுஷ் கிடையாது என்றார். சொல்லி முடிக்கும்போதே அவர் கை அடுத்தவரின் ரொட்டிக்குப் போய்விட்டது.

வெளியே வந்து டப்பாவைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். 'நான் வெளிநாட்டுக்காரன், அதனால்தான்' என்று அன்றைக்குச் சத்தியமாக நம்பினேன். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு சீஸ் பாக்கெட்டுக்கு அதே கதி. இந்த முறை ஒரே ஒரு சொல்லை மாற்றிச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் காசு கைக்கு வந்துவிட்டது. அந்தச் சொல் எட்டாவது படியில் வருகிறது. அவசரமென்றால் நேரே அங்கே போய்விடலாம்.

இங்கே கடைகளில் நமக்கு வருகிற எரிச்சல் எல்லாம் ஒரே ஜாதி இல்லை என்பது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. சில இடங்களில் சட்டமே நம் பக்கம் இருக்கும், நாம்தான் கேட்கத் தெரியாமல் நிற்போம். சில இடங்களில் கடைக்காரர் விரும்பினால் செய்யலாம், கட்டாயம் கிடையாது. அதற்குக் 'குலான்ட்ஸ்' என்று பெயர், பெருந்தன்மை மாதிரி. அப்புறம், எப்போதாவது நிஜமாகவே அவமதிப்பு. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் வீட்டுக்கு வந்து புலம்புகிறோம்.

படி 1: கிளம்புவதற்கு முன்

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. பொது விடுமுறையிலும் கிடையாது. ஞாயிறு ஓய்வு இந்த நாட்டின் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1919இல் வைமார் அரசியல் சட்டத்தில் எழுதியதை இன்றைய சட்டத்தின் 140ஆவது பிரிவு அப்படியே எடுத்துக்கொண்டது. மற்ற நாட்களின் நேரத்தை 2006க்குப் பிறகு ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது. டானூப் ஆற்றின் ஒரு கரையில் உல்ம், மறு கரையில் நோய்-உல்ம். நடுவில் ஒரு பாலம்தான். உல்ம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் வாரநாளில் கடை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திறந்திருக்கலாம். பாலத்தைத் தாண்டினால் பவேரியா, அங்கே பொதுவாக இரவு 8 மணிக்குக் கதவு சாத்திவிடும். 8:02க்கு ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர் தலையை மட்டும் ஆட்டுவார். அவருக்கு உங்கள் மேல் எந்தக் கோபமும் இல்லை.

விடுமுறைகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மார்ச் 8 பெர்லினில் 2019 முதல் பொது விடுமுறை. ஜனவரி 6 பவேரியாவில் விடுமுறை, பெர்லினில் கிடையாது. ஆகவே உங்கள் மாநிலத்தின் பட்டியலை வருடத் தொடக்கத்திலேயே கைபேசி நாட்காட்டியில் ஏற்றிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகளும் பெட்ரோல் பங்குகளும் ஞாயிறன்றும் கைகொடுக்கும். என்ன, விலை கொஞ்சம் கடிக்கும்.

பையில் எப்போதும் ஒரு 1 யூரோ நாணயம் இருக்கட்டும். தள்ளுவண்டியைச் சங்கிலியிலிருந்து கழற்ற அது வேண்டும். 50 செண்ட்டும் 2 யூரோவும்கூடப் பல வண்டிகளில் செல்லும். திருப்பி மாட்டினால் காசு திரும்ப வரும். பெரிய கடைகளில் கார்டு பிரச்சினை இல்லை. சின்ன பேக்கரியிலும் வாரச்சந்தையிலும்தான் சிக்கல். "நூர் ஈ.சி." என்று எழுதியிருந்தால் ஜெர்மன் வங்கிகள் தரும் ஜிரோகார்டு மட்டும் செல்லும் என்று அர்த்தம். நீங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த விசாவும் மாஸ்டர்கார்டும் அங்கே வெறும் பிளாஸ்டிக். ரொக்கமாக 20 யூரோ வைத்திருந்தால் அந்த அவமானம் இல்லை.

படி 2: அலமாரி முன்னால்

விலைச்சீட்டில் பெரிதாக இருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதே சீட்டின் மூலையில் சின்னதாக இன்னொரு எண் இருக்கும். அதுதான் 'குருண்ட்பிரைஸ்', ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்பது. முன்பு 100 கிராமுக்கும் போடலாம் என்றிருந்தது. 2022இல் விதியை மாற்றி, கிலோ, லிட்டர் என்றே போடச் சொல்லிவிட்டார்கள். பாக்கெட் அளவை மட்டும் நைசாகக் குறைத்துவிட்டு அதே விலைக்கு விற்கும் தந்திரம் இங்கேயும் உண்டு. இந்தச் சின்ன எண்ணை வைத்துத்தான் அதைப் பிடிக்க முடியும். சீட்டில் உள்ள விலையில் வரி ஏற்கெனவே சேர்ந்திருக்கும். பெரும்பாலான உணவுக்கு 7 சதவீதம், பாட்டில் தண்ணீர், குளிர்பானம், பீருக்கு 19.

இறைச்சி சாப்பிடாதவர்களும், பன்றியோ மாடோ கூடாது என்பவர்களும் ஆறு சொற்களைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் போதும்: ஷ்வைன் (பன்றி), ரிண்ட் (மாடு), ஷ்பெக் (பன்றிக்கொழுப்புத் துண்டு), ஷ்மால்ட்ஸ் (உருக்கிய கொழுப்பு), கெலாட்டினெ, லாப் (பாலைத் திரிக்கும் நொதி, கன்றின் வயிற்றிலிருந்தும் எடுக்கலாம்). ஆனால் சீட்டில் வராத சங்கதியும் உண்டு. தெளிந்த ஆப்பிள் சாற்றை வடிகட்டும்போது ஜெலட்டின் பயன்படுத்தியிருந்தாலும், முடிந்த சரக்கில் அது சேர்மானம் இல்லை என்பதால் குறிப்பிட வேண்டியதில்லை. இதில் கறாராக இருப்பவர்கள் 'வீகன்' என்று போட்ட பாட்டிலையே எடுங்கள்.

ஒவ்வாமை இருப்பவர்களுக்குச் சட்டம் நன்றாகவே துணை நிற்கிறது. ஐரோப்பிய விதிப்படி 2014 டிசம்பர் முதல் 14 ஒவ்வாமைப் பொருட்களைச் சேர்மானப் பட்டியலில் தடித்த எழுத்து மாதிரி தனியாகத் தெரியும்படி அச்சிட வேண்டும். பாக்கெட் இல்லாமல் விற்கும் ரொட்டிக்கும் கேக்குக்கும்கூட இந்தத் தகவல் கடையில் இருந்தாக வேண்டும். "அலெர்கேனெ?" என்று ஒரே சொல்லில் கேளுங்கள், கவுண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு ஃபைலை எடுத்து நீட்டுவார்கள். ஆனால் "ஷ்புரன் ஃபோன்..." என்று தொடங்கும் 'சிறு அளவு கலந்திருக்கலாம்' எச்சரிக்கை கட்டாயம் இல்லை, கம்பெனி தானாகப் போடுவது. அது இல்லை என்பதால் கலக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தேதி இரண்டு வகை. 'மின்டெஸ்ட்ஹால்ட்பார் பிஸ்' என்றால் அதுவரை தரம் குறையாது என்ற உறுதி. அந்த நாள் தாண்டிய பொருளையும், கெடாமல் இருந்தால், கடை விற்கலாம். பலர் இதைப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போவார்கள், அது வீண். 'ட்ஸு ஃபெர்பிரவுகன் பிஸ்' என்றால் கதை வேறு. அரைத்த இறைச்சி போன்றவற்றில் வரும் கடைசி நாள் அது, தாண்டினால் விற்கவே கூடாது.

படி 3: ஆளிடம் கேட்பது

முதலில் வணக்கம். "குட்டன் டாக்" சொல்லாமல் நேரே கேள்விக்குப் போனால் பதிலும் மொட்டையாகத்தான் வரும். "என்ட்ஷுல்டிகுங், வோ ஃபின்டெ இஷ்..." ('மன்னிக்கவும், இது எங்கே கிடைக்கும்') என்று தொடங்கி, கைபேசியில் பொருளின் படத்தைக் காட்டிவிடுங்கள். உச்சரிப்பு சிக்கல் அத்தோடு தீர்ந்தது. பதில் பெரும்பாலும் "தா ஹின்டன்", அதாவது 'அங்கே பின்னாடி'. கூடவே வந்து காட்டுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். மலிவு விலைக் கடைகளில் மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள். அவர்களே சரக்கு அடுக்கி, அவர்களே ரொட்டி சுட்டு, மணி அடித்தால் அவர்களே கல்லாவுக்கு ஓட வேண்டும்.

படி 4: ரொட்டி, சீஸ் கவுண்டர்

இங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஐந்தாறு பேர் சும்மா நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் தனக்கு முன்னால் யார் வந்தார் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். நீங்கள் உள்ளே நுழையும்போதே யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். "வேர் இஸ்ட் ட்ரான்?" ('யாருடைய முறை?') என்று குரல் வரும்போது உங்கள் முறை என்றால் வாயைத் திறந்து "இஷ்" ('நான்') என்று சொல்லிவிட வேண்டும். மரியாதைக்காகப் பேசாமல் நின்றால் அடுத்தவர் சொல்லிவிடுவார். அவர் உங்களை முந்தவில்லை, நீங்கள் உங்கள் முறையை விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்பதே அங்கே கணக்கு.

100 கிராம் கேட்டால் தராசு 118 காட்டும். "தார்ஃப்ஸ் அய்ன் பிஸ்ஷன் மேர் ஸைன்?" என்பார்கள், கொஞ்சம் கூட இருக்கலாமா என்று. எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "நைன், பிட்டெ" ('வேண்டாம்') என்று சொன்னாலும் ஒன்றும் ஆகாது, எடுத்துவிட்டுத் தருவார்கள். சுற்றும் தாளின் எடையை உங்கள் கணக்கில் சேர்க்கக் கூடாது, அதைக் கேட்கவும் தயங்க வேண்டாம்.

படி 5: கல்லா

புதிதாக வந்தவர்களைக் கண்கலங்க வைக்கும் இடம் இதுதான். காசாளர் உட்கார்ந்த வாக்கில், ஒரு விநாடிக்கு ஒரு பொருள் என்ற கணக்கில் தள்ளிக்கொண்டே இருப்பார். மலிவு விலைக் கடைகளின் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பாருங்கள், பார்கோடு இரண்டு மூன்று பக்கத்தில் நீளமாக அச்சாகியிருக்கும், எப்படித் தள்ளினாலும் பிடித்துக்கொள்ள. கல்லாவுக்கு அந்தப் பக்கம் பொருள் சேர இடம் ஒரு முழம்கூட இருக்காது. நீங்கள் பையைப் பிரிப்பதற்குள் தக்காளி மேல் பால் பாக்கெட் விழுந்திருக்கும். பின்னால் யாரோ பெருமூச்சு விடுவார்.

இதற்கு ஒரே வழி: கல்லாவில் பையில் அடுக்காதீர்கள். தள்ளுவண்டியைக் கல்லா முனையில் ஒட்டினாற்போல் நிறுத்தி, வருவதையெல்லாம் அப்படியே அதில் போடுங்கள். காசு கொடுத்துவிட்டு ஜன்னலோரம் போங்கள். அங்கே இடுப்பளவில் ஒரு பலகை இருக்கும், சாவகாசமாக அடுக்கத்தான் அது. இன்னொன்று, ஆட்டம் கல்லாவுக்கு முன்பே, கல்லாவை நோக்கி நகரும் பட்டையில் பொருளை வைக்கும்போதே தொடங்கிவிடுகிறது. கனமானதை முதலில், நசுங்குவதைக் கடைசியில் வையுங்கள். அதே வரிசையில் வண்டிக்குள் விழும்.

உங்கள் பொருள் முடிந்த இடத்தில், அடுத்தவர் பொருளோடு கலக்காமல் பிரிக்கும் முக்கோணக் குச்சியை வைக்க மறக்காதீர்கள். அதை வைக்காமல் விடுவதைப் போல இங்கே வேறெதுவும் ஒரு மனிதரின் பொறுமையைச் சோதிப்பதில்லை. என் பின்னால் நின்ற ஒரு தாத்தா ஒருமுறை என் தோளுக்கு மேல் கையை நீட்டி, அதை எடுத்து, சத்தம் கேட்கும்படி டக்கென்று வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

காசாளர் கேட்பது எப்போதும் அதே நான்கு கேள்வி. புள்ளி அட்டை இருக்கிறதா ("பேபேக்?" போல ஒரு பெயர்). ரொக்கமா கார்டா ("பார் ஓடர் கார்டெ?"). சில்லறை சரியாக இருக்கிறதா ("ஹாபன் ஸீ எஸ் பாஸெண்ட்?"). பில் வேண்டுமா ("பிராவுகன் ஸீ தென் போன்?"). முதலாவதுக்கு "நைன்". கடைசிக்கு எப்போதும் "யா, பிட்டெ". 2020 முதல் எலக்ட்ரானிக் கல்லா வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு விற்பனைக்கும் பில் தர வேண்டும் என்பது சட்டம், ஆனால் நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: பில்லைப் பார்ப்பது

வெளியே போவதற்கு முன், அந்தப் பலகை அருகிலேயே பாருங்கள். அலமாரியில் 1.99, பில்லில் 2.49 என்று வரும். இதில் நம்மவர்கள் பலர் தவறான தைரியத்தோடு போவதைப் பார்த்திருக்கிறேன். அலமாரியில் போட்ட விலைக்கே தந்தாக வேண்டும் என்று ஜெர்மன் சட்டம் சொல்லவில்லை. அலமாரிச் சீட்டு வெறும் அழைப்பு, ஒப்பந்தம் கல்லாவில்தான் உருவாகிறது. கல்லாவில் விலை கூடத் தெரிந்தால், "அப்படியென்றால் வேண்டாம்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. தவறான விலையைத் தொங்கவிடுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவது என்ற வகையில் கடைக்குத்தான் தலைவலி. அதனால் பணிவாகக் காட்டினால் பெரும்பாலும் வித்தியாசத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். அலமாரிச் சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனால் பேச்சே தேவைப்படாது.

படி 7: காலி பாட்டில்

பாட்டிலுக்கான முன்பணம், 'ப்ஃபான்ட்'. வாங்கும்போது விலையோடு கட்டுவோம், காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் திரும்ப வரும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 செண்ட். 2003இல் வந்த ஏற்பாடு இது. 2022இல் சாறு பாட்டில்களும், 2024இல் பால் பானங்களின் பிளாஸ்டிக் பாட்டில்களும் உள்ளே வந்தன. திரும்பத் திரும்பக் கழுவிப் பயன்படுத்தும் பீர் பாட்டிலுக்கு வழக்கமாக 8 செண்ட், தண்ணீர் பாட்டிலுக்கு 15.

காலி பாட்டிலை வாங்கும் இயந்திரம் அதை ஏற்காமல் துப்பிவிட்டால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். நசுங்கியிருந்தாலும், முன்பணக் குறி தெரிகிற ஒருமுறை பாட்டிலைக் கடை கையால் வாங்க வேண்டும். வேறு கடையில் வாங்கியது என்று சொல்லித் தட்டிக்கழிக்கவும் முடியாது. பிளாஸ்டிக் பாட்டில் விற்கிற கடை பிளாஸ்டிக் பாட்டிலையும், கேன் விற்கிற கடை கேனையும் எடுத்தாக வேண்டும். 200 சதுர மீட்டருக்குக் குறைவான சின்னக் கடைகளுக்கு மட்டும் விலக்கு, தாங்கள் விற்கிற பிராண்டை எடுத்தால் போதும். கழுவிப் பயன்படுத்தும் பாட்டிலுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது.

படி 8: கெட்டுப்போனதைத் திருப்பிக் கொடுப்பது

'உம்டவுஷ்' என்றால் பொருள் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு வேண்டாம், மாற்றிக் கொடுங்கள் என்று கேட்பது. கடையில் நேரில் போய் வாங்கிய பொருளுக்கு இந்த உரிமை சட்டத்தில் கிடையாது. செய்தால் அது குலான்ட்ஸ். அன்றைக்குக் கல்லாவில் இருந்த அம்மா சொன்னதில் சொல்லளவில் ஒரு பிழையும் இல்லை. நான்தான் தப்பான வாசலைத் தட்டியிருக்கிறேன்.

நான் சொல்லியிருக்க வேண்டியது 'ரெக்லமட்ஸியோன்'. பொருளில் குறை இருக்கிறது, நீ எனக்கு விற்றது சரியில்லாத சரக்கு என்பது அதன் அர்த்தம். இது உரிமை. பூஞ்சை பிடித்த தயிர், புளித்த பால், உள்ளே அழுகிய அவகாடோ, எடை குறைந்த பாக்கெட் எல்லாம் இதில் வரும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பார்த்த உடனே படம் எடுங்கள், தேதி தெரியும்படி. பொருளைத் தூக்கி எறியாமல் பையில் கட்டிக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாளே போங்கள், ஒரு வாரம் கழித்துப் போனால் உங்கள் வீட்டில்தான் கெட்டது என்பார்கள். கூட்ட நேரத்தில் போக வேண்டாம், சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 வரை யாருக்கும் பொறுமை இருக்காது. கல்லாவில் பொருளை முன்னால் வைத்து, "குட்டன் டாக், இஷ் மோஷ்டெ தாஸ் ரெக்லமியரன்" என்று சொல்லி, மூடியைத் திறந்து காட்டுங்கள். விளக்கம், வருத்தம், மன்னிப்பு எதுவும் வேண்டாம். நாம் நீட்டி முழக்க முழக்க, ஏதோ சலுகை கேட்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

சட்டப்படி முதலில் நல்ல பொருளாக மாற்றித் தருவார்கள், அது முடியாவிட்டால் காசு. நடைமுறையில் பெரும்பாலும் நேரே காசுதான். "தயாரித்த கம்பெனிக்கு எழுதுங்கள்" என்று திருப்பி அனுப்பப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு விற்றது கடை, பொறுப்பும் கடைக்கே. பில் தொலைந்துவிட்டதா? அங்கே வாங்கியதற்கு வேறு ஆதாரம் இருந்தாலும் போதும், கார்டில் கட்டியிருந்தால் வங்கிக் கணக்கில் அந்த வரி இருக்கும். "பில் இல்லாமல் உம்டவுஷ் இல்லை" என்று சுவரில் தொங்கும் பலகை உம்டவுஷுக்கு மட்டும்தான் பொருந்தும். தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டிய பொருளில், தேதி நெருங்கிவிட்டது என்று குறை சொல்ல முடியாது. ஆனால் வாங்கிய அன்றே கெட்டிருந்தால் அதுவும் ரெக்லமட்ஸியோன்தான்.

அப்போதும் முடியாது என்றால், "கான் இஷ் மிட் டேர் மார்க்ட்லைடுங் ஷ்பிரெஷன்?" என்று கேளுங்கள், மேலாளரிடம் பேச வேண்டும் என்று. குரலை உயர்த்த வேண்டாம். இங்கே குரல் உயர்ந்த கணத்தில் நியாயம் இடம் மாறிவிடும், யார் பக்கம் தப்பு என்பதையே மறந்துவிடுவார்கள். 89 செண்ட் தயிருக்கு இதற்கு மேல் போராட வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் பூச்சி, கண்ணாடித்துண்டு, கெட்ட இறைச்சி மாதிரியானதென்றால் விடக் கூடாது. உங்கள் நகராட்சி அல்லது மாவட்டத்தின் உணவுக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு ('லேபன்ஸ்மிட்டல்யூபர்வாகுங்') தெரிவியுங்கள், அவர்கள் கடைக்கே வந்து சோதிப்பார்கள். பாக்கெட்டில் ஒன்று போட்டு உள்ளே வேறு இருக்கிறது என்றால் நுகர்வோர் மையம் ('ஃபெர்பிராவுகட்ஸென்ட்ராலெ'). 16 மாநிலங்களிலும் ஒவ்வொன்று இருக்கிறது. ஆலோசனைக்குச் சில இடங்களில் கட்டணம் உண்டு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 9: நிஜமாகவே உங்கள் நிறம்தான் காரணம் என்றால்

அப்படியும் நடக்கும். மற்றவர்களை விட்டுவிட்டு உங்கள் பையை மட்டும் திறக்கச் சொல்வது, அலமாரி அலமாரியாகப் பின்னாலேயே வருவது, நீங்கள் கேட்டால் மட்டும் காது கேட்காமல் போவது. முன்னே சொன்ன எட்டுப் படியும் தெரிந்திருந்தால், இதை மற்றவற்றிலிருந்து பிரித்துப் பார்ப்பது எளிது. எல்லோரிடமும் கடுகடுவென்று இருக்கிற காசாளர் வேறு, இது வேறு.

பையைக் காட்டச் சொல்லிக் கடை ஊழியர் கேட்கலாம், கட்டாயப்படுத்தித் திறக்க முடியாது. மறுக்கலாம். திருடியதைக் கையும் களவுமாகப் பிடித்ததாக அவர்கள் சொன்னால், போலீஸ் வரும்வரை உங்களை நிறுத்திவைக்கலாம். அப்போதும் பையைச் சோதிப்பது போலீஸின் வேலை. ஓட வேண்டாம், தள்ள வேண்டாம், "போலிட்ஸை, பிட்டெ" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

இனம், பூர்விகம், மதம் காரணமாகக் கடையில் வேறு மாதிரி நடத்துவதை 2006ஆம் ஆண்டின் சம நடத்தைச் சட்டம், 'ஏ.ஜி.ஜி.', தடை செய்கிறது. பெர்லினில் உள்ள மத்திய பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலகம் இலவசமாக ஆலோசனை தருகிறது. ஆற அமர யோசிக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். கடையிடம் உங்கள் கோரிக்கையை இரண்டு மாதத்துக்குள் வைத்துவிடுவது பாதுகாப்பு. அன்றைக்கே எழுதிவைக்க வேண்டியது: நேரம், நடந்த இடம், அவர்கள் சொன்ன சொல் அப்படியே, பக்கத்தில் நின்றவர் யாராவது சாட்சி சொல்வாரா என்பது. ஏதாவது வாங்கியிருந்தால் தேதி, நேரம், கல்லா எண், பல கடைகளில் காசாளரின் குறியீடு வரைக்கும் பில்லிலேயே இருக்கும். அது வெப்பத்தில் அச்சாகும் தாள், சட்டைப்பையிலும் ஜன்னலோரத்திலும் கிடந்தால் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் துண்டாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் பாலை உள்ளே வைப்பதற்கு முன் பில்லை ஒரு படம் எடுத்துவிடுங்கள்.